6.8-ஆ, 7.2-ஆ: அக்காவின் அனீரிசமும் ஏஐ போட்ட பெட்டியும்

கேள்வி: கோபியிலிருந்து ஒரு வாசகர், ஜனவரி 11

அம்மாவுக்கு 61 வயது. தலைசுற்றலுக்காக எம்ஆர்ஐ எடுத்தோம். மூளை ரத்தக் குழாயில் 4 மி.மீ. அனீரிசம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தம்பி அதை சாட்பாட்டில் போட்டுப் பார்த்தான். அது சொன்னதைக் கேட்டு வீட்டில் ரெண்டு நாளாக யாருக்கும் சோறு இறங்கவில்லை. இப்போது ஏஐ வைத்தே எப்போது வெடிக்கும், என்ன சிகிச்சை என்று சொல்லிவிடுகிறார்களாம். அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டுமா?

ஜனவரி 11, இரவு 9.50

போன வருஷம் முழுக்க அக்காவோடு இதற்குத்தான் அலைந்தேன், அதனால் எழுதுகிறேன். டாக்டர் இல்லை. கோவை கணபதியில் லேத் பட்டறை. பம்ப்புக்கு ஷாஃப்ட், புஷ் கடைவது தொழில்.

முதலில் சோறு சாப்பிடுங்கள். பெரியவர்கள் நூறு பேரை ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய மூன்று பேர் மண்டைக்குள் இப்படி ஒரு நரம்புப் புடைப்பு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது இருந்ததே தெரியாமல் ஆயுசு முடிந்துவிடும்.

எப்போது வெடிக்கும் என்று எந்த ஏஐயும் சொல்லாது. சொல்வதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் மண்டையிடி வந்தால், கூடவே வாந்தியும் கழுத்து இறுக்கமும் இருந்தால், அல்லது திடீரென்று ஒரு கண் இமை தொங்கினால் இங்கே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. 108.

ஜனவரி 11, இரவு 10.20

மேலே ‘நரம்புப் புடைப்பு’ என்று எழுதிவிட்டேன். தப்பு. நரம்பு வேறு, ரத்தக் குழாய் வேறு. நம் பக்கம் கையில் ஓடும் பச்சைக் கோடும் நரம்பு, முதுகு பிடித்தால் அதுவும் நரம்பு. ஊசி போடும் நர்ஸே ‘நரம்பு கெடைக்கலீங்க’ என்றுதான் சொல்கிறார். இது தமனி. அதன் சுவர் மெலிந்து, சைக்கிள் ட்யூப் புடைப்பது போல வெளியே தள்ளுகிறது.

பெரும்பாலும் குழாய் கிளை பிரியும் இடத்தில்தான் வரும். கீழ்பவானி வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் திரும்பி மோதும் கரைதான் முதலில் கரையும்.

ஜனவரி 12, காலை 6.15

அக்கா கதை. பெருந்துறைக்குப் பக்கம் தோட்டம், மஞ்சளும் கொஞ்சம் தென்னையும். வயது 58, பிபி உண்டு. போன மாசியில் காதில் இரைச்சல் என்று ஸ்கேன் எடுத்ததில் தற்செயலாக அகப்பட்டது. கழுத்து வழியாக மேலே ஏறும் பெரிய குழாய், மண்டைக்குள் நுழைந்து கண்ணுக்குக் கிளை விடும் இடம். 6.8 மி.மீ. அக்கா கேட்ட முதல் கேள்வி: “ஏண்டா தம்பி, மஞ்ச வெட்டு முடியற வரைக்கும் தாங்குமா?”

தாங்கியது. ஆவணியில் வேறு சென்டரில் திரும்ப எடுத்தோம். 7.2 மி.மீ.

இங்கேதான் எனக்குக் குழப்பம். எங்கள் தொழிலில் அரை மில்லிமீட்டர் என்பது பெரிய அளவு, புஷ் உள்ளே லொடலொடவென்று ஆடும். அதனால் 0.4 கூடிவிட்டது, வளர்கிறது என்று நான் பதறினேன். டாக்டர் அசையவில்லை. “ரெண்டு மெஷின், ரெண்டு பேரு அளந்திருக்காங்க. இந்த வித்தியாசம் சகஜம்” என்றார்.

சரி, சகஜம். ஆனால் அவரே காட்டிய கணக்கைப் பாருங்கள். ஃபேஸஸ் என்று ஒரு புள்ளிக் கணக்கு, 2014-இல் வந்தது. எந்த நாட்டு ஆள், பிபி உண்டா, வயது, புடைப்பின் அளவு, முன்பு ஒன்று வெடித்திருக்கிறதா, எந்த இடம் என்று ஆறு விஷயத்துக்குப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். அளவு 7-க்குக் கீழே என்றால் பூஜ்யம். 7-ஐத் தொட்டால் மூன்று. 6.8 வைத்தால் அக்காவுக்கு பிபிக்கான ஒரு புள்ளி மட்டும், ஐந்து வருஷத்தில் வெடிக்கும் வாய்ப்பு 0.4 சதவீதம். 7.2 வைத்தால் நான்கு புள்ளி, 0.9 சதவீதம். தலைக்குள் ஒன்றுமே மாறாமல் ஆபத்து மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது!

மென்பொருள் உதவக்கூடிய முதல் இடம் இதுதான். ரெண்டு ஸ்கேனையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, குறுக்களவை மட்டும் பார்க்காமல் மொத்தக் கன அளவையும் ஒரே முறையில் அளக்கும். உண்மையிலேயே வளர்ந்திருக்கிறதா என்று அதில் தெரியும். எங்களுக்கு அது நடக்கவில்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், பட்டறை திறக்க நேரமாகிவிட்டது.

ஜனவரி 13, மதியம்

கரூரிலிருந்து ஒரு வாசகர் நன்றாகவே மடக்கியிருக்கிறார்: 0.9 சதவீதம்தானே, எதற்கு அக்காவுக்குச் சிகிச்சை செய்தீர்கள்?

அந்தக் கணக்கில் புடைப்பின் உருவம் சேரவில்லை. தொடை வழியாக ட்யூப் விட்டு, சாயம் செலுத்தி ஆஞ்சியோ எடுத்தபோது அக்காவின் புடைப்பு மேல் ஒரு சின்ன மொட்டு தெரிந்தது. இட்லி மேல் மிளகு ஒட்டியது போல. எம்ஆர்ஐயில் அது சரியாகத் தெரியவில்லை. ஜப்பானில் 5,720 பேரைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தச் சராசரியாக வருஷத்துக்கு 0.95 சதவீதம் வெடித்தன. மொட்டு உள்ளவை மற்றவற்றைவிட அதிகம் வெடித்தன. அந்த மொட்டைப் பார்த்த பிறகுதான் டாக்டர் முகம் மாறியது.

இன்னொன்றும் எனக்கு உறுத்தல். ஃபேஸஸ் கணக்கில் ‘எந்த நாட்டு ஆள்’ என்ற கட்டத்தில் ஜப்பான்காரருக்கு மூன்று புள்ளி, ஃபின்லாந்துக்காரருக்கு ஐந்து, வட அமெரிக்காவும் மற்ற ஐரோப்பாவும் பூஜ்யம். பெருந்துறைக்கு என்ன போடுவது? டாக்டர் சிரித்துக்கொண்டே பூஜ்யம் போட்டார். நம் ஆட்களைச் சேர்த்து எண்ணாத கணக்கில் நமக்குப் பூஜ்யம் போட்டால், அது நம் ஆபத்து பூஜ்யம் என்பதால் அல்ல. ஏஐயும் இப்படித்தான். எந்த ஊர் ஸ்கேன்களைக் காட்டி வளர்த்தார்களோ அந்த ஊர்க் கண்தான் அதற்கு இருக்கும். ஏஐ வைத்திருக்கிறோம் என்று சொல்லும் ஆஸ்பத்திரியில் இதை ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜனவரி 13, இரவு

“இனி டாக்டர்களுக்கு வேலை போய்விடும்” என்று எழுதிய தம்பிக்கு: எங்கள் பட்டறைக்கு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் லேத்) வந்த புதிதில் தப்பான டிராயிங் ஒன்றை ஏற்றிவிட்டோம். நாற்பது ஷாஃப்ட்டை மைக்ரான் பிசகாமல் தப்பாகக் கடைந்து அடுக்கி வைத்தது.

ஜனவரி 16, இரவு 11

அக்காவுக்குச் செய்தது என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

வழி மூன்று உண்டு. மண்டை ஓட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது பழைய வழி, 1937-இல் வால்டர் டேண்டி தொடங்கியது. ரெண்டாவது, குழாய் வழியாகவே போய்ப் புடைப்புக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருளை அடைப்பது, காயிலிங். இப்போது போடும் வகைச் சுருளை 1990-இல் குக்லியெல்மி முதல் நோயாளிக்குப் போட்டார். மூன்றாவது, புடைப்பைத் தொடாமல் தாய்க் குழாய்க்குள் சன்னமான வலைக் குழலை விரிப்பது. ஃப்ளோ டைவர்ட்டர். அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. ரத்தம் நேராக ஓடிவிடும், புடைப்புக்குள் ஓட்டம் மந்தமாகி மாதக்கணக்கில் உறைந்து அடைந்துவிடும். அக்காவுக்கு மூன்றாவது.

அரித்த கரையை அடைக்காமல் வாய்க்காலுக்குள்ளேயே தட்டி கட்டுவது என்று மாமாவுக்குச் சொன்னேன். “தட்டி ஆடாம நிக்கணுமே” என்றார். பாதிக் கதை அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

இந்த வலைக் குழல் பின்னியது. பைப்லைன் என்ற வகையில் 48 இழை. பின்னல் என்றால் என்ன ஆகும்? உள்ளே கூடாக இருக்கும் பாவாடை நாடாவை எடுத்து ரெண்டு பக்கமும் இழுங்கள், மெலிந்து நீளும். நடுவை நோக்கித் தள்ளுங்கள், பருத்துக் குட்டையாகும். வீட்டுக்காரி நாடாவை உருவி மேசை மேல் வைத்துப் பார்த்தேன், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை. இதே சங்கதிதான் ரத்தக் குழாயிலும். குழாய் கீழே அகலம், மேலே குறுகல், நடுவில் பாம்பு போல ரெண்டு வளைவு. பெட்டி மேல் 16 மி.மீ. நீளம் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே விரிந்தபின் எவ்வளவு நீளம் நிற்கும் என்பது குழாயைப் பொறுத்தது. குட்டையாகிவிட்டால் புடைப்பின் வாயை முழுசாக மூடாது. நீண்டுவிட்டால் தேவையில்லாத கிளை வாயில் போய் உட்காரும். விலை லட்சங்களில். பிரித்த பெட்டியைத் திருப்பி வாங்க மாட்டார்கள்.

சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷின் தலையைச் சுற்றி எடுத்த முப்பரிமாணப் படத்தை ஏஐக்குக் கொடுத்தார்கள். இந்த சைஸ் போட்டால் இங்கே ஆரம்பித்து இங்கே முடியும் என்று அது பெட்டியைப் பிரிக்கும் முன்பே திரையில் காட்டியது. டாக்டர் மனதில் வைத்திருந்த சைஸுக்கு ஒரு படி குட்டையானதை அது காட்டியது. ரெண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் குட்டையானதைப் போட்டார். எல்லாம் முடிந்து வெளியே வந்து எனக்கும் மாமாவுக்கும் அந்தப் படத்தைக் காட்டினார். வலை நின்ற இடமும் திரையில் காட்டிய இடமும் என் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன.

ஜனவரி 17, காலை

ஒரு திருத்தம், கொஞ்சம் பெரியது. மருத்துவக் கருவி படித்த கோவைக்காரர் ஒருவர் கேட்டார், சைஸ் சொன்னது ஏஐ என்று உங்களுக்கு யார் சொன்னது? யோசித்தால் யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது. டாக்டருக்குப் போன் போட்டேன். “அது சிமுலேஷன்ங்க. பின்னலோட கோணம், இழை எண்ணிக்கை, குழாய் அகலம் எல்லாம் வெச்சுக் கணக்குப் போடுது. படத்துல இருந்து குழாயைப் பிரிச்செடுக்கற வேலையில மட்டும் ஏஐ இருக்கலாம்” என்றார்.

ஆக நான் ஏஐ என்று மெச்சியதில் பெரும்பகுதி வடிவக் கணக்கு. லேத்காரன் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டாமா, வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு நிம்மதியும் உண்டு. கணக்கு என்றால் எங்கே தப்பினது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். லட்சம் படம் பார்த்துப் பழகியதிடம் ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. (என் அப்பாவும் அப்படித்தான். மண்ணை மோந்து பார்த்து இன்றைக்கு மழை என்பார். பெய்யும்.)

ஜனவரி 19

அப்படியானால் உண்மையான ஏஐ எங்கே இருக்கிறது? கண்டுபிடிப்பதில். சிடி ஸ்கேனில் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோ படத்தில் புடைப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் ஹெட்எக்ஸ்நெட் என்ற மென்பொருளை ஸ்டான்ஃபோர்டில் செய்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு டாக்டர்களிடம் 115 படங்களைக் கொடுத்தார்கள். துணையில்லாமல் பார்த்தபோது புடைப்பு உள்ள படங்களில் 83 சதவீதத்தைப் பிடித்தார்கள், மென்பொருள் துணையோடு 89. அதாவது பழகிய கண்ணுக்கும் நூற்றில் பதினேழு தப்பியது, ஆறை மென்பொருள் மீட்டுக் கொடுத்தது, பதினொன்று அப்போதும் தப்பியது. விளம்பரத்தில் ஆறைச் சொல்வார்கள். நான் பதினொன்றையும் கேட்பேன்.

சேலத்து அக்கா ஒருவர் தன் அம்மாவுக்கு ஏற்கெனவே காயில் வைத்திருக்கிறது, இது உதவுமா என்று கேட்டிருந்தார். அந்த ஆய்வில் கிளிப், காயில் வைத்தவர்கள் படத்தைச் சேர்க்கவே இல்லை. உலோகம் படத்தைக் கலைக்கும். உங்கள் அம்மாவுக்கு டாக்டர் சொன்ன தேதியில் ஆஞ்சியோவோ எம்ஆர்ஏவோ (ரத்தக் குழாயைக் காட்டும் எம்ஆர்ஐ) எடுப்பதுதான் வழி.

ஜனவரி 24, இரவு 1.30

தூக்கம் வரவில்லை, அதனால் இது.

1994-இல் அப்பா கிணற்று மேட்டில் மோட்டார் போடப் போனார். ‘அய்யோ மண்டை’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வயது 52. முனி அடித்துவிட்டது என்றார்கள். மோட்டார் ரூம் பக்கம் ரொம்ப நாள் சின்னப் பிள்ளைகளை விடவில்லை. அக்காவுக்கு இது வந்தபிறகு அந்தச் சத்தத்தை வேறு மாதிரி யோசிக்கிறேன்.

நேரடி ரத்த உறவில் ரெண்டு பேருக்காவது இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்பது நடைமுறை. அப்பாவுக்கு ஸ்கேன் இல்லை, சாட்சி இல்லை. டாக்டர் கணக்கில் அப்பா அரை, அக்கா ஒன்று. “ஒன்றரைக்கு உங்க இஷ்டம்” என்றார். இருபது வருஷம் பீடி பிடித்தவன் நான், அதற்கும் ஏதாவது கூட்டிக்கொள்ள வேண்டும். புகையும் பிபியும்தான் இதில் நம் கையில் இருக்கும் ரெண்டு விஷயம். எடுத்துவிட்டேன். ஊசி, சாயம் எதுவும் இல்லாத எம்ஆர்ஏ.

அந்த சென்டரில் ஏஐ இருக்கிறது. முந்தாநாள் சாயங்காலம் டெக்னீசியன் தம்பி திரையைத் திருப்பிக் காட்டினான். குழாய்கள் வேர் மாதிரி வெள்ளையாக ஓடுகின்றன, இடது பக்கம் ஓரிடத்தில் சிவப்புப் பெட்டி. பக்கத்தில் 2.3 என்ற எண். ‘டாக்டர் பார்க்கணுங்க, திங்கக்கெழமதான் வருவாரு’ என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் எட்டிப் பார்த்தேன். அப்போதிருந்து தலையைக் குனிந்து செருப்பு மாட்டவே பயமாக இருக்கிறது. பட்டறையில் பெரிய ஜாபைத் தூக்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை.

முதல் நாள் கோபிக்காரரிடம் ‘சோறு சாப்பிடுங்கள்’ என்று சுலபமாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

ஜனவரி 27

புனல்!

ரேடியாலஜி டாக்டர் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு கிளைக் குழாய் தாய்க் குழாயிலிருந்து புறப்படும் இடம் சிலருக்குப் புனல் வாய் போல அகன்றிருக்கும். மூன்று மில்லிமீட்டருக்குள், புனலின் நுனியிலிருந்தே கிளை நேராகக் கிளம்பும். புடைப்பு என்றால் கிளை பக்கவாட்டில் இருக்கும். எனக்கு நுனியில் நூல் மாதிரி கிளை ஓடுகிறது. மென்பொருள் இந்த இடத்தில் ஏமாறுவது வழக்கமாம். “விட்டுட்டுப் போறதுக்கு பெட்டி போட்டுக் காட்டறதே மேல்” என்றார். சரிதான். அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு அஞ்சு நாள் காத்திருந்தவன் அவர் இல்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். நாடாவுக்கு விழுந்ததைவிட அதிகமாக விழுந்தது.

பிப்ரவரி 2

கோபிக்காரர் திரும்ப எழுதியிருக்கிறார். மூளை அறுவை டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, மொட்டு எதுவும் இல்லை, பிபியைக் கட்டுக்குள் வைத்து ஆறு மாதம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுங்கள் என்றாராம். நல்ல சேதி. ‘அப்போது ஏஐ உள்ள இடத்தில் எடுக்கட்டுமா?’ என்று அதே கேள்வி.

எங்கே எடுத்தாலும் முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள். சிகிச்சை என்று எப்போதாவது வந்தால் கிளிப்பும் காயிலும் ரெண்டும் நடக்கும் ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் தெரிந்த இடத்தில் அந்த ஒன்றையே சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தக் கவுன்ட்டரில் முதல் நாளே விசாரியுங்கள், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்றாலும் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது தனி. அக்கா ரெண்டு மாத்திரை சாப்பிடுகிறாள், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். வலை மேல் ரத்தம் உறையக் கூடாது என்பதற்கு. நாமாக அதை நிறுத்தக் கூடாது, பல் பிடுங்குகிறவர் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான். சித்திரையில் அவளுக்கு ஆஞ்சியோ, புடைப்பு அடைந்ததா என்று அப்போது தெரியும்.

12-ஆம் தேதி பாதியில் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு ஸ்கேனையும் மென்பொருளில் பொருத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் கேட்டார். மாசியில் எடுத்த சென்டரில் எங்களுக்குக் கொடுத்தது பிலிம் மட்டும், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அந்தக் கறுப்புத் தாள். மூலப் படம் வேண்டும் என்று போனால், மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை, அழித்துவிட்டோம் என்றார்கள். 6.8 உண்மையில் 6.8-தானா என்று இனி எந்த மென்பொருளும் சொல்ல முடியாது. இப்போது அக்கா ஸ்கேன் படம் பதிந்த எல்லா சிடியையும் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறாள்.

உங்களிடமும் பிலிம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்குக் காலையிலேயே போய்ப் படம் பதிந்த சிடி கேளுங்கள். கையோடு ஒரு பென் டிரைவும் கொண்டு போங்கள், ‘சிடி தீந்துபோச்சுங்க’ என்பார்கள்.